மூளைக்கு ரத்தம் குறைந்தால்... மூலிகை எதுவரை கைகொடுக்கும்?

காலை 5.30 மணி. ஈரோடு மாவட்டத்தில் ஒரு மஞ்சள் தோட்டம். மோட்டாரைப் போட்டுவிட்டு மடை திருப்பப் போன 58 வயது விவசாயியின் கையிலிருந்து மண்வெட்டி தானாக நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தார். வலது கை சொன்னபடி கேட்கவில்லை. தட்டுத்தடுமாறி வீட்டுத் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தவரைப் பார்த்த மனைவி, ‘‘ஏனுங்க, வாய் ஒருபக்கமா கோணுதுங்களே, என்ன பண்ணுதுங்க?’’ என்று பதறினார். அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். வார்த்தை குழறியது.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஓடி வந்தார். ‘‘பயப்படாத கண்ணு, பித்தக் கிறுகிறுப்பா இருக்கும். நரம்புக்கு வல்லாரையை மிஞ்சின மருந்து இல்லை. ரெண்டு கை பறிச்சுச் சாறு புழிஞ்சு குடு’’ என்றார். கொல்லையில் தொட்டி ஓரமாக இரண்டு பாத்தி வல்லாரை தளதளவென்று நின்றது. சாறு பிழிந்து கொடுத்தார்கள். பாதி கடைவாயில் வழிந்தது. மீதி புரையேறியது. ‘‘கொஞ்ச நேரம் படுத்தா சரியாயிரும்’’ என்று படுக்க வைத்தார்கள். வேலைக்குப் போயிருந்த மகன் சேதி கேட்டு வந்து, கார் பிடித்து, மருத்துவமனை வாசலை மிதித்தபோது மணி 11.15. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போடுவதற்கான நேரம் ஒன்றேகால் மணி நேரத்துக்கு முன்பே முடிந்து போயிருந்தது.

இன்னொரு விஷயமும் அங்கேதான் வெளியே வந்தது. ஆறு மாதங்களாக அவர் ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தியிருந்தார். ‘தினமும் வெறும் வயிற்றில் வல்லாரைச் சாறு குடிக்கிறோமே, மாத்திரை எதற்கு?’ என்பது அவர் கணக்கு. இன்று கைத்தடி ஊன்றி நடக்கிறார். வலது கை விரல்கள் மண்வெட்டிக் காம்பைச் சுற்றி இன்னும் முழுதாக மூடவில்லை.

வல்லாரை கெட்ட கீரை அல்ல. அதில் மருந்துச் சத்து இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆனால், எந்த வேளையில் எது உதவும் என்று தெரியாமல் போனதற்கு ஒரு குடும்பம் கொடுத்த விலை இது. மூளைக்கு ரத்தம் குறையும்போது தாவரச் சத்துகள் உண்மையில் என்ன செய்யும், எதைச் செய்யாது, அவற்றைப் பயிரிடும் விவசாயிக்கு அதில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம்.

கடைமடைக்குத் தண்ணீர் வராத கதை

மூளையின் எடை, உடல் எடையில் 2 சதவிகிதம்தான். ஆனால், உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவிகிதம் அதற்கே போகிறது. சேமித்து வைத்துச் செலவு செய்யும் பழக்கம் மூளைக்குக் கிடையாது. ரத்தம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

பக்கவாதம் இரண்டு வகை. ரத்தக்குழாய் அடைபட்டு வருவது ஒன்று. குழாய் வெடித்து ரத்தம் கசிவதால் வருவது இன்னொன்று. பெரும்பாலானவை முதல் வகை. வெளியில் பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். சி.டி. ஸ்கேன் எடுத்தால்தான் வித்தியாசம் தெரியும்.

கிளை வாய்க்காலில் அடைப்பு விழுந்தால் என்ன ஆகும்? அடைப்பை ஒட்டிய வயல் முதலில் காயும். சுற்றியுள்ள வயல்கள் பக்கத்து மடையின் கசிவுத் தண்ணீரில் வாடி நிற்குமே தவிர, உடனே சாகாது. மூளையிலும் அப்படித்தான். அடைப்பின் நடுப்பகுதியில் உள்ள செல்கள் சில நிமிடங்களில் இறந்துவிடும். சுற்றியுள்ள பகுதி, அரைகுறை ரத்தத்தில் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். மருத்துவம் காப்பாற்றப் பார்ப்பது இந்த வாடிய பகுதியைத்தான். பெரிய ரத்தக்குழாய் அடைபட்டால், நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் அழிகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பெரிய குழாய் அடைப்பாக இருந்தால், தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்திக் கட்டியை வெளியே எடுக்கும் சிகிச்சையும் இருக்கிறது. அதை 6 மணி நேரத்துக்குள்ளும், ஸ்கேனில் தேர்வாகும் சிலருக்கு 24 மணி நேரம் வரையிலும் செய்கிறார்கள்.

தாவரச் சத்து எங்கே வேலை செய்கிறது?

ரத்தம் நின்றதும் செல்லுக்குள் ஒரு தொடர்வினை ஆரம்பிக்கிறது. குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் அளவுக்கு மீறிக் கொட்டுகிறது. கால்சியம் செல்லுக்குள் வெள்ளமாகப் பாய்கிறது. செல்லை அரிக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகுகின்றன. பிறகு வீக்கம் வருகிறது. அடைப்பை நீக்கி ரத்தம் திரும்பப் பாயும்போதும் ஒரு சேதம் உண்டு. காய்ந்து வெடித்த வயலில் திடீரென்று வெள்ளத்தைத் திறந்துவிட்டால் வரப்பு உடைவதைப் போல.

இந்தத் தொடர்வினையின் ஏதோ ஒரு கண்ணியை அறுக்க முடியுமா என்றுதான் தாவரச் சத்துகளை ஆராய்கிறார்கள். ஆக, இவை மூளைத் திசுவைக் காக்கும் முயற்சிகள். அடைப்பைக் கரைப்பவை அல்ல. வாய்க்காலை அடைத்துக்கொண்டு, வாடிய பயிருக்கு இலைவழித் தெளிப்பு மட்டும் கொடுத்தால் பயிர் எத்தனை நாள் நிற்கும்? முதலில் தண்ணீர். பிறகுதான் மற்றதெல்லாம்.

பக்கவாதத்துக்காக ஆய்வு செய்யப்பட்ட சிகிச்சைகளை 2006-ல் ஆராய்ச்சியாளர்கள் எண்ணிப் பார்த்தார்கள். மொத்தம் 1,026. அவற்றில் மனிதர்களிடம் சோதனை வரை வந்தவை 114 மட்டுமே. ஆய்வகத்தில் இருப்பது பெரும்பாலும் இளமையான, நோயில்லாத எலி. அடைப்பு உண்டாக்கியதும், சில சமயம் அதற்கு முன்பே, மருந்து கொடுத்துவிடுவார்கள். மருத்துவமனைக்கு வருபவரோ 60 வயதுக்காரர். சர்க்கரை, ரத்த அழுத்தம், பீடிப் பழக்கம் எல்லாவற்றோடும், பல மணி நேரம் கழித்து வருகிறார். எலிக்குப் பலித்தது மனிதருக்குப் பலிக்காமல் போவதற்கு இவை முக்கியக் காரணங்கள்.

வல்லாரை, நீர்ப்பிரமி

வல்லாரையின் முக்கியச் சத்துகள் ஏசியாட்டிகோசைடு, மேடிகாசோசைடு, ஏசியாட்டிக் அமிலம். இதில் ஏசியாட்டிக் அமிலத்தை, மூளை ரத்தக்குழாய் அடைக்கப்பட்ட எலிகளுக்குக் கொடுத்தபோது சேதப் பரப்பு குறைந்ததாக 2009-ல் ஓர் ஆய்வு வெளியானது. கொடுத்தது பிரித்தெடுத்த தூய சத்து. சாறோ, துவையலோ அல்ல.

மனிதர்களிடமும் சிறு ஆய்வு நடந்திருக்கிறது. பக்கவாதத்துக்குப் பிறகு நினைவாற்றல் மங்கிய 48 பேரிடம் இந்தோனேசியாவில் சோதித்து, 2016-ல் முடிவு வெளியானது. சிலருக்கு வல்லாரைச் சாரம், சிலருக்கு ஃபோலிக் அமிலம். ஒட்டுமொத்த அறிவுத்திறன் மதிப்பெண்ணில் இரு பிரிவினருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நினைவுகூரும் பகுதியில் மட்டும் வல்லாரை பெற்றவர்கள் சற்று மேலே இருந்தார்கள். இது பக்கவாதம் வந்து, உயிர் பிழைத்து, தேறிய பிறகு நடக்கும் கதை. வாய் கோணிய நிமிடத்துக்கான மருந்து அல்ல.

நீர்ப்பிரமியின் சத்து பேக்கோசைடு. ஞாபகசக்தி தொடர்பாகத்தான் இதை அதிகம் ஆராய்ந்திருக்கிறார்கள். இங்கே ஒரு பெயர்க் குழப்பம் உண்டு. கேரளத்தில் ‘பிரம்மி’ என்றால் நீர்ப்பிரமி. வட இந்தியாவில் பல இடங்களில் வல்லாரையையே ‘பிரம்மி’ என்கிறார்கள். இரண்டும் வேறு வேறு குடும்பத்துச் செடிகள்.

மஞ்சளும் மிளகும்

மஞ்சளில் சுமார் 3 சதவிகிதம் குர்குமின் இருப்பதாக வைத்துக்கொண்டால், தினம் 2 கிராம் மஞ்சள்தூள் சமையலில் சேர்ப்பவருக்குக் கிடைப்பது 60 மில்லிகிராம். அதிலும் பெரும்பகுதி குடலிலும் கல்லீரலிலும் சிதைந்து வெளியேறிவிடும். மூளைவரை போய்ச் சேருவது மிக மிகக் குறைவு. மிளகில் உள்ள பைப்பரின் சேர்ந்தால் ரத்தத்தில் குர்குமின் அளவு 20 மடங்கு கூடுவதாக 1998-ல் பெங்களூரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனால், பைப்பரின் மற்ற மாத்திரைகளையும் அதேபோல உடலில் தேக்கிவிடக்கூடும். வலிப்புக்குச் சாப்பிடும் ஃபெனிட்டாயின் அதற்கு உதாரணம். ரசத்தில் போடும் மிளகால் பிரச்னை இல்லை. செறிவூட்டிய மஞ்சள்–மிளகு மாத்திரையை டாக்டரிடம் சொல்லாமல் விழுங்குவதுதான் பிரச்னை.

நித்யகல்யாணி எச்சரிக்கை

தூத்துக்குடி, விருதுநகர், ராமநாதபுரம் மானாவாரி நிலங்களில் விளையும் நித்யகல்யாணியின் வேரில் அஜ்மலிசின் இருக்கிறது. மூளை ரத்த ஓட்டத்தைக் கூட்டுவதற்கான மருந்துகளில் இதைச் சேர்த்திருக்கிறார்கள். வேருக்கு மதிப்பு வந்த காரணங்களில் அதுவும் ஒன்று. அதே செடியின் இலையில்தான் புற்றுநோய்க்கான வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் சத்துகளும் இருக்கின்றன. இவை ரத்த அணுக்களையும் நரம்புகளையும் பாதிக்கும் வீரியம் கொண்டவை.

‘வின்கா’ என்ற பெயரில் இன்னொரு குழப்பம். ஐரோப்பாவில் வளரும் சிறிய வின்கா செடியின் சத்திலிருந்து, ஹங்கேரியில் வின்போசெட்டின் என்ற மருந்தை உருவாக்கினார்கள். பல நாடுகளில் விற்கிறது. ஆனால், பக்கவாதத்தில் அது உறுதியாகப் பலன் தருகிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை. கர்ப்பிணிகளுக்குக் கருச்சிதைவு அபாயம் உண்டு என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019-ல் எச்சரித்தது. அது வேறு செடி, நம் நித்யகல்யாணி வேறு செடி. நித்யகல்யாணி இலையையோ வேரையோ வீட்டில் கஷாயம் போடவே கூடாது.

செலரி விதை: கரையேறிய ஒரு சத்து

கிழங்கும் கீரையும் இத்தனை இருக்க, பெரிய சோதனையில் தேறி வந்தது ஒரு விதைச் சத்து. செலரி விதையின் வாசனைக்குக் காரணமான பொருள்களில் ஒன்று பியூட்டைல்தாலைடு. சீனாவில் 2002-லேயே பக்கவாத மருந்தாக அனுமதி பெற்றது. அங்கே 1,216 நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2023-ல் வெளியானது. எல்லோரும் 6 மணி நேரத்துக்குள் வந்தவர்கள். எல்லோருக்கும் ஊசி மூலமாகவோ, குழாய் செலுத்தியோ அடைப்பை நீக்கும் சிகிச்சை நடந்தது. அதோடு சேர்த்து ஒரு பிரிவினருக்கு இந்த மருந்தையும், மற்றவர்களுக்குப் போலி மருந்தையும் கொடுத்தார்கள். 90 நாள்களுக்குப் பிறகு நல்ல நிலையில் இருந்தவர்கள் முதல் பிரிவில் 56.7 சதவிகிதம், இரண்டாம் பிரிவில் 44 சதவிகிதம்.

இந்தச் செய்தியில் கவனிக்க வேண்டியது ‘அதோடு சேர்த்து’ என்பதைத்தான். அடைப்பை நீக்கும் சிகிச்சைக்குப் பதிலாக அல்ல. மேலும், இன்று அந்த மருந்தை விதையிலிருந்து வடிப்பதில்லை. தொழிற்சாலையில் தயாரிக்கிறார்கள். செலரியும் ஓமமும் ஒரே குடும்பம் என்பதால் ஓமத் தண்ணீர் குடித்தால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். ஓமத்தின் முக்கியச் சத்து தைமால். அது வேறு.

பால் கேனில் வந்த ரத்தம்

தாவரத்திலிருந்து வந்து லட்சக்கணக்கானவர்களைப் பக்கவாதத்திலிருந்து காத்துவரும் மருந்துக்கு ஒரு மாட்டுக் கதை இருக்கிறது. 1920-களில் அமெரிக்கா, கனடா பண்ணைகளில் மாடுகள் ரத்தம் உறையாமல் இறந்தன. பூசணம் பிடித்த ஸ்வீட் குளோவர் தீவனத்தைத் தின்ற மாடுகள் அவை. 1933 பிப்ரவரியில், விஸ்கான்சின் மாநில விவசாயி ஒருவர் பனிப்புயலில் வண்டியோட்டி, இறந்த பசுவையும், பால் கேன் நிறைய உறையாத ரத்தத்தையும், கெட்டுப்போன தீவனத்தையும் எடுத்துக்கொண்டு மேடிசன் நகரில் இருந்த கார்ல் லிங்க் என்ற வேதியியலாளரின் ஆய்வகத்துக்கு வந்தார். தீவனத்தில் இருந்த டைகூமரால் என்ற பொருளை 1939-ல் பிரித்தெடுத்தார்கள். அந்த வழியில் வந்ததுதான் வார்ஃபரின். முதலில் எலிமருந்து. 1954 முதல் மனிதருக்கான மருந்து. இதயத்துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைக்கிறது.

மாட்டைக் கொன்ற பொருளே அளவறிந்து கொடுக்கும்போது மனிதரைக் காக்கிறது. அந்த அளவை ரத்தப் பரிசோதனை செய்து செய்துதான் நிர்ணயிக்கிறார்கள். மூலிகைச் சாற்றில் அந்த அளவு எப்படித் தெரியும்?

மாத்திரை சாப்பிடுபவர்கள் கவனத்துக்கு

* வார்ஃபரின், அசினோகூமரால் சாப்பிடுபவர்கள் கீரையை ஒரே நாளில் அள்ளிச் சாப்பிட்டு, மறுவாரம் நிறுத்தக் கூடாது. கீரையில் உள்ள வைட்டமின் கே, மருந்தின் வேலையை எதிர்க்கும். ஓரளவு சீராகச் சாப்பிட்டு வர வேண்டும்.
* ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் சாப்பிடுபவர்கள் பூண்டு, மஞ்சள், கிங்கோ ஆகியவற்றின் செறிவூட்டிய மாத்திரைகளைக் கேட்காமல் சேர்த்தால், ரத்தக்கசிவு அபாயம் கூடலாம். சமையல் அளவுக்குப் பயமில்லை.
* வல்லாரை மாத்திரை, மஞ்சள் மாத்திரை சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. கண் மஞ்சளித்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்கவும்.
* எந்த மூலிகையை நம்பியும் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை நிறுத்த வேண்டாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இந்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். பக்கவாதம் வந்தவர்களுக்கு இயன்முறைப் பயிற்சியும் வீட்டிலேயே கிடைக்கும்.

பயிரிட நினைப்பவர்கள் பார்க்க வேண்டியவை

‘மூளைக்கு மருந்து தயாரிக்கிறோம், ஏக்கர் கணக்கில் நடுங்கள், வாங்கிக்கொள்கிறோம்’ என்று வரும் வியாபாரியிடம் முதலில் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்தச் செடி என்பது தாவரவியல் பெயரோடு ஒப்பந்தத்தில் இருக்கிறதா? எத்தனை சதவிகிதச் சத்து வேண்டும், அதை எந்த ஆய்வகத்தில், யார் செலவில் பரிசோதிப்பார்கள்? வாங்க மறுத்தால் என்ன நிவாரணம்? ‘பிரம்மி’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

வல்லாரை ஓடுதண்டு மூலம் எளிதாகப் பரவும். ஈரமும் அரை நிழலும் போதும். தென்னை, பாக்கு ஊடுபயிராக வரும். ஆனால், அது மண்ணிலும் தண்ணீரிலும் உள்ள காரீயம், காட்மியம் போன்ற உலோகங்களை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் செடி. சாக்கடை ஓரம், சாயக்கழிவு கலக்கும் வாய்க்கால் ஓரம் வளர்ந்ததைப் பறிக்கவும் விற்கவும் கூடாது. நிறத்துக்காக லெட் குரோமேட் கலந்த மஞ்சள்தூளும் அப்படித்தான். காரீயம் நேராக மூளையைத் தாக்கும். மூளைக்கு நல்லது என்று வாங்குபவருக்கு மூளையைக் கெடுக்கும் பொருள் போய்ச் சேரக் கூடாது. சொந்த விதைமஞ்சளை அரைத்து விற்பவர்களுக்கு இதுவே பெரிய விளம்பரம்.

அடிக்கடி வரும் கேள்விகள்

‘‘பக்கவாத அறிகுறியை எப்படிக் கண்டுபிடிப்பது?’’

சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒருபக்கம் இழுக்கிறதா? இரண்டு கைகளையும் தூக்கச் சொல்லுங்கள், ஒரு கை துவண்டு இறங்குகிறதா? ஒரு வாக்கியம் பேசச் சொல்லுங்கள், குழறுகிறதா? மூன்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். திடீரென்று தள்ளாட்டமோ, பார்வை மங்கலோ வந்தாலும் அப்படியே. கடைசியாக அவர் நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

‘‘வண்டி வரும்வரை வீட்டில் என்ன கொடுக்கலாம்?’’

எதுவும் கொடுக்கக் கூடாது. விழுங்கும் திறன் போயிருந்தால் தண்ணீரும் சாறும் நுரையீரலுக்குள் இறங்கும். ஆஸ்பிரினும் வேண்டாம். ரத்தக்கசிவு வகையாக இருந்தால் அது நிலைமையை மோசமாக்கும். புறா ரத்தம் தேய்ப்பது, விரலில் ஊசி குத்துவது எல்லாம் நேரத்தைத் தின்னும் வேலைகள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சாப்பிடும் மாத்திரைகளைப் பையில் எடுத்துவையுங்கள். சி.டி. ஸ்கேன் இருக்கும் மருத்துவமனைக்கே கொண்டுபோகச் சொல்லுங்கள்.

‘‘பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகிவிட்டது. போக வேண்டுமா?’’

அவசியம் போக வேண்டும். அது பெரிய பக்கவாதத்துக்கு முன்னறிவிப்பாக இருக்கலாம். அடுத்த சில நாள்கள்தான் அதிக ஆபத்தான நாள்கள்.

‘‘அப்படியானால் வல்லாரை சாப்பிடவே கூடாதா?’’

தாராளமாகச் சாப்பிடுங்கள். துவையலாக, கூட்டாக வாரம் ஓரிரு முறை நல்ல கீரைதான். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாவற்றிலும் வரும் உப்பையும் சேர்த்து நாளுக்கு 5 கிராமுக்குள் நிறுத்துங்கள். பீடி, புகையிலையை விடுங்கள். 30 வயதைத் தாண்டியவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கவாதத்துக்கான காரணங்களில் முதலிடத்தில் இருப்பது உயர் ரத்த அழுத்தம்தான். அது பெரும்பாலும் வலிக்காது, சொல்லாது.

ஈரோட்டு விவசாயி வீட்டில் இப்போதும் வல்லாரைப் பாத்தி இருக்கிறது. அதே திண்ணைச் சுவரில் கரிக்கட்டையால் பெரிதாக 108 என்று எழுதி வைத்திருக்கிறார் அவர் மனைவி. காலையில் மாத்திரையை எடுத்துக் கொடுத்து, அவர் விழுங்கியதைப் பார்த்த பிறகுதான் தோட்டத்துக்கு இறங்குகிறார்.